ஏஜென்ட்டுக்கான பெர்மிஷன் சோதனை: வேகம் எங்கே போகிறது? (கேள்வி பதில்)

யார் எதைப் பார்க்கலாம், எதைச் செய்யலாம் என்று பெர்மிஷன் சோதனை செய்யும் சர்வீஸ்களை எழுதுவதும் பராமரிப்பதும்தான் பல வருடங்களாக என் வேலை. தாங்களாகவே டூல்களைக் கூப்பிட்டு வேலையை முடிக்கும் ஏஐ ஏஜென்ட்டுகள் வந்த பிறகு இது சம்பந்தமாக நிறைய பேர் கேட்கிறீர்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அண்ணா, எங்கள் ஆபீஸ் ஏஜென்ட் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அரை நிமிஷம் எடுக்கிறது. எந்தப் படிக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று ட்ரேஸ் எடுத்துப் பார்த்தால் அதில் பாதி பெர்மிஷன் சோதனைக்கே போகிறது. இதே சர்வீஸ் வெப் ஆப்பில் பிரச்சினை இல்லாமல் ஓடுகிறதே?

சர்வீஸ் மேல் தப்பு இல்லை தம்பி, நீங்கள் கூப்பிடும் விதத்தில்தான் இருக்கிறது. மனிதர் ஒரு பக்கத்தைத் திறந்தால் ஒன்றிரண்டு சோதனையோடு முடிந்துவிடும். ஏஜென்ட் ஒரு கேள்விக்கு 30 டூல்களைக் கூப்பிட்டு, ஒவ்வொன்றிலும் 50 ஆவணம் வந்தால் மொத்தம் 1500 சோதனை. ஒன்றுக்கு 10 மில்லிசெகண்ட் என்று வைத்து வரிசையாக ஓட்டினால் 15 விநாடி. கூகுளின் பெர்மிஷன் சோதனை அமைப்பான ஸான்சிபார் பற்றி 2019-இல் வந்த கட்டுரையில் 95 சதவீத சோதனைகள் 10 மில்லிசெகண்டுக்குள் முடிவதாகச் சொல்லியிருப்பார்கள். டிரைவ், யூடியூப் எல்லாம் அதன் மேல்தான் ஓடுகின்றன. அதையே கொண்டுவந்து வைத்தாலும் ஒவ்வொன்றாகக் கேட்கும் ஃபார் லூப்புக்குள் போட்டால் இதே கதிதான்.

முதலில் லூப்பை உடையுங்கள். ஸான்சிபார் பாணியில் எழுதப்பட்ட ஸ்பைஸ்டிபி, ஓப்பன்எஃப்ஜிஏ இரண்டிலும் பல சோதனைகளை ஒரே அழைப்பில் அனுப்பும் வசதி இருக்கிறது. நெட்வொர்க் பயணம் மிச்சம் என்பது ஒரு பக்கம். பெரிய லாபம் வேறு: 50 ஆவணமும் ஒரே யூசருக்காகக் கேட்கப்படுபவை, அவர் எந்தெந்த குரூப்பில் இருக்கிறார் என்ற கணக்கை 50 தடவை போட வேண்டியதில்லை.

கேள்வி: ஆர்ஏஜியில் (ஆவணங்களைத் தேடியெடுத்து மாடலுக்குக் கொடுத்துப் பதில் வாங்கும் முறை) வெக்டர் தேடலுக்கு, அதாவது பொருள் ஒற்றுமையை வைத்துத் தேடுவதற்கு, முன்னால் வடிகட்டணுமா, பின்னாலா? பின்னால் வடிகட்டினால் 20 முடிவில் 2 தான் மிஞ்சுகிறது.

யூசர் எவ்வளவு பார்க்க முடியும் என்பதைப் பொறுத்தது. கம்பெனியின் பெரும்பாலான ஆவணங்களைப் பார்க்கும் உரிமை உள்ளவருக்குப் பின்னால் வடிகட்டினால் போதும், கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டால் சரியாகிவிடும். 200 ஆவணம் மட்டுமே பார்க்கக்கூடிய வெளி கான்ட்ராக்டர் என்றால் அந்த 200 ஐடியை முதலில் வாங்கி, அதற்குள் தேடுங்கள். சிக்கல் நடுவில் இருப்பவர்களுக்குத்தான், அவர்களுக்கு லட்சக்கணக்கில் ஐடி வரும், அதை ஃபில்டராக அனுப்ப முடியாது. அங்கே நான் செய்வது இது: தேடலுக்காக வெட்டி வைத்த ஒவ்வொரு ஆவணத் துண்டோடும் அதன் ஃபோல்டர் ஐடியையும் டீம் ஐடியையும் மெட்டாடேட்டாவாகச் சேமித்து, அதை வைத்துத் தோராயமாக முன்னால் ஒரு சல்லடை, மிஞ்சிய 20, 30-க்கு மட்டும் பின்னால் துல்லியமான சோதனை. மெட்டாடேட்டா கொஞ்சம் பழசாக இருந்தாலும் கடைசிச் சோதனை பிடித்துவிடும்.

அந்தக் கடைசிச் சோதனை, துண்டு மாடலுக்குக் கொடுக்கும் ப்ராம்ப்டுக்குள் போவதற்கு முன் நடக்க வேண்டும். மாடலின் கண்ணில் பட்ட பிறகு அதைத் திரும்ப வாங்க வழி கிடையாது.

கேள்வி: சோதனை முடிவுகளை 5 நிமிஷம் கேஷ் செய்தேன் (சேமித்து வைத்து அதையே திரும்பப் பயன்படுத்தினேன்), வேகம் பிரமாதம். ஆனால் செக்யூரிட்டி டீம் விடமாட்டேன் என்கிறார்கள்.

அவர்கள் சொல்வது நியாயம். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இது நடந்தே விட்டது. ஒரு கான்ட்ராக்டரைக் காலையில் ஃபோல்டரிலிருந்து நீக்கினார்கள், நீக்கியாயிற்றே என்ற தைரியத்தில் மூன்று நிமிஷம் கழித்து அதே ஃபோல்டரில் சம்பளப் பட்டியலை ஏற்றினார்கள். அந்த நேரத்தில் அவருடைய பெயரில் ஓடிக்கொண்டிருந்த சுருக்கம் எழுதும் பாட், கேஷில் இருந்த பழைய அனுமதியை வைத்துப் புதிய கோப்பைப் படித்து, மூன்று வரியில் அவருக்கே மெயில் அனுப்பிவிட்டது. அந்த மூன்று வரியை இன்றும் மறக்க முடியவில்லை.

ஸான்சிபார் கட்டுரை இதைப் 'புதிய எதிரி' பிரச்சினை என்கிறது. கேஷ் என்றாலே தப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை, எந்த நேரத்துப் பதில் என்று தெரியாமல் கேஷ் செய்வதுதான் தப்பு. கூகுளின் தீர்வு ஸூக்கி என்ற சின்ன டோக்கன். ஆவணம் மாறும்போது அந்த நேரத்துக்கான முத்திரையை ஆவணத்தோடு சேமித்துவிடுவார்கள், பிறகு சோதிக்கும்போது 'குறைந்தபட்சம் இந்த நேரத்துக்கு அப்புறமான தகவலை வைத்துப் பதில் சொல்' என்று கேட்பார்கள். மாறாத ஆவணங்களுக்குக் கேஷ் வேகம் கிடைக்கும், மாறியதற்குப் புதிய பதில் கிடைக்கும். ஸ்பைஸ்டிபியில் இதற்கு ஸெட்டோக்கன் என்று பெயர்.

அப்புறம், படிப்பதையும் செய்வதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அழிப்பது, பணம் அனுப்புவது, வெளியே மெயில் போடுவது இதற்கெல்லாம் கேஷே வேண்டாம். இவை எண்ணிக்கையில் குறைவு, சில மில்லிசெகண்ட் கூடுதலாகப் போனால் போகட்டும்.

கேள்வி: சிஸ்டம் ப்ராம்ப்டிலேயே "இந்த யூசருக்கு ஹெச்ஆர் கோப்புகளைக் காட்டாதே" என்று எழுதிவிட்டால் சோதனையே தேவையில்லையே?

வேண்டாம். படிக்கும் கோப்பில் யாரோ ஒளித்து வைத்த ஒரு வரி அந்தக் கட்டளையைத் தாண்டிவிடும். காவலை மாடலிடம் ஒப்படைக்கக் கூடாது.

கேள்வி: சார், ஏஜென்ட்டுக்கு அட்மின் உரிமையோடு ஒரு சர்வீஸ் அக்கவுண்ட் கொடுத்திருக்கிறோம். சோதனை வேகமாக முடிகிறது. இதில் என்ன தப்பு?

நார்ம் ஹார்டி 1988-இல் எழுதிய ஒரு சம்பவம் சொல்கிறேன். பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் ஒரு கம்பைலர். புள்ளிவிவரம் எழுதுவதற்காக ஒரு சிஸ்டம் டைரக்டரியில் எழுதும் உரிமையை அதற்குக் கொடுத்திருந்தார்கள். பில்லிங் கோப்பும் அதே டைரக்டரியில். ஒரு யூசர், பிழை தேட உதவும் (debug) விவரத்தை எந்தக் கோப்பில் எழுதவேண்டும் என்ற இடத்தில் பில்லிங் கோப்பின் பெயரைக் கொடுத்தார். அவருக்கு அந்த உரிமை இல்லை, கம்பைலருக்கு இருந்தது. எழுதிவிட்டது, பில்லிங் தகவல் போச்சு. உங்கள் சர்வீஸ் அக்கவுண்ட் அந்தக் கம்பைலரேதான், என்ன, இதற்கு யார் வேண்டுமானாலும் வாக்கியமாகவே கட்டளை கொடுக்கலாம்.

யூசருக்கும் உரிமை இருக்கவேண்டும், இந்த வேலைக்காக ஏஜென்ட்டுக்குக் கொடுத்த எல்லைக்குள்ளும் இருக்கவேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் சரி. டோக்கன் பரிமாற்றத்துக்காக 2020-இல் வந்த ஆர்எஃப்சி 8693 என்ற இணையத் தரநிலை இதற்கு உதவும்: யூசரின் டோக்கனை (அவருடைய உரிமைச் சீட்டை) கொடுத்து, 'இன்னாருக்காக இந்த ஏஜென்ட் செயல்படுகிறது' என்று இருவர் பெயரும் உள்ள புது டோக்கனை வாங்கலாம். வேகத்துக்கும் இது நல்லது. ஏஜென்ட்டின் எல்லை கையெழுத்திட்ட டோக்கனுக்குள்ளேயே இருப்பதால் அதை நெட்வொர்க் இல்லாமல் அங்கேயே பார்த்துவிடலாம். எல்லைக்கு வெளியே போகும் கோரிக்கை அங்கேயே நின்றுவிடும், யூசர் பக்கத்துச் சோதனை மட்டும் சர்வீஸுக்குப் போகும்.

கேள்வி: ஒரு ஏஜென்ட் நாலு துணை ஏஜென்ட்டை உருவாக்கினால், ஒவ்வொன்றுக்கும் புது டோக்கன் வாங்க சர்வரிடம் போகணுமா?

போகாமலும் செய்யலாம். 2014-இல் கூகுள் ஆட்கள் வெளியிட்ட மக்கரூன் முறையில், கையில் இருக்கும் டோக்கனின் பின்னால் 'படிக்க மட்டும்', 'இந்த ஃபோல்டர் மட்டும்', 'இன்னும் 2 நிமிஷம்தான்' என்று நிபந்தனைகளை நீங்களே சேர்த்து அடுத்தவரிடம் கொடுக்கலாம். ஒவ்வொரு நிபந்தனையும் ஹெச்மேக் (ரகசியச் சாவியை வைத்து, மாற்றினால் தெரிந்துவிடும்படி பூட்டும் முறை) சங்கிலியில் கோர்க்கப்படுவதால், வாங்கியவர் மேலும் சுருக்கலாமே தவிர, அகலமாக்க முடியாது. யூசரின் உரிமை நடுவில் பறிக்கப்பட்டால் டோக்கனுக்குத் தெரியாது, அதனால் ஆயுளைக் குறுகலாக வையுங்கள்.

கேள்வி: ஓபிஏ, சீடர், ஸான்சிபார் வகை... எதை எடுப்பது?

விதிகள் அதிகம், தரவு குறைவு என்றால், எழுதி வைத்த விதிகளைப் பார்த்து முடிவு சொல்லும் ஓபிஏ அல்லது சீடர். இரண்டையும் உங்கள் ப்ராசஸுக்குள்ளேயே ஓட்டலாம், நெட்வொர்க் செலவு இல்லை. யார் யாருடன் எதைப் பகிர்ந்தார்கள், குரூப்புக்குள் குரூப் என்று உறவுகள் பெருகியிருந்தால் ஸான்சிபார் வகை. நான் சேர்த்தே வைத்திருக்கிறேன்: ஏஜென்ட் எல்லைக்குச் சீடர், யூசர் உறவுகளுக்கு ஸ்பைஸ்டிபி.

கேள்வி: ஏஜென்ட் முதலில் திட்டம் போட்டு யூசரிடம் ஓகே வாங்குகிறது. அப்போதே எல்லாப் பெர்மிஷனையும் மொத்தமாகச் சோதித்துவிட்டால் ஓடும்போது சோதனை வேண்டாம்தானே?

திட்டம் போடும்போது மொத்தமாகச் சோதிப்பது நல்ல யோசனை, ஆகாத வேலையை ஆரம்பத்திலேயே நிறுத்திவிடலாம். ஆனால் காலை 10 மணிக்கு ஓகே சொன்னதை ஏஜென்ட் மாலை 4 மணிக்குச் செய்யும் என்றால் நடுவில் அந்த யூசர் டீமே மாறியிருக்கலாம். படிக்கும் படிகளுக்குத் திட்டத்தின்போது கிடைத்த பதிலை, மேலே சொன்ன முத்திரையோடு, பயன்படுத்திக்கொள்ளுங்கள். மாற்றம் செய்யும் படி வந்தால் அதைச் செய்வதற்குச் சற்று முன் மறுபடி ஒரு சோதனை வையுங்கள். எங்கள் கோடில் அந்தச் சோதனை டூலுக்குள்ளேயே இருக்கிறது, ஏஜென்ட் லூப்பில் இல்லை, லூப்பை யார் மாற்றி எழுதினாலும் அது விட்டுப்போகாது.