நண்டு வளை பக்கத்தில் உட்கார்ந்தால் நாலு வயது மகள் எழுவதே இல்லை, கேள்விக்கு மேல் கேள்வி. எனக்குப் பொறுமை வர என்ன வழி?

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் ஊரில் வடகடல் (பாக் விரிகுடா) கரையோரம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் மகள் சரியான இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நீங்களும் பக்கத்தில் குந்துங்கள். நின்றுகொண்டு பொறுமை காப்பது கடினம், கால் வீட்டைப் பார்த்தே திரும்பும்.

கடல் வற்றியதும் ஈர மணலில் சின்ன வளைகளைச் சுற்றி மிளகு அளவு மணல் உருண்டைகள் ஆரக்கால் போலப் பரவிக் கிடக்கும். நண்டு மணலை அள்ளி வாயில் போட்டு, அதில் ஒட்டியிருக்கும் நுண்பாசியையும் மக்கிய துணுக்குகளையும் சலித்துத் தின்றுவிட்டு, மிச்ச மணலை உருட்டிப் போடுகிறது. அது எச்சம் இல்லை. பெரியவர்கள் பலரும் எச்சம் என்றே தவறாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். உருண்டைகளுக்கு நடுவே வளை வரை ஒரு பாதை காலியாக இருக்கும். ஆபத்து வந்தால் ஓடி ஒளிய அந்த வழி.

இதை அவளிடம் உடனே சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அவள் பார்ப்பதை நிறுத்திவிடுவாள். முதலில் வளை வாயருகே ஒரு சாண் மணலைக் கையால் தடவிச் சமமாக்குங்கள். பிறகு வளையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, உங்கள் நிழல் அதன் மேல் விழாதபடி அசையாமல் உட்காருங்கள். ஐந்து, பத்து நிமிடம் ஆகலாம். காலடி அதிர்வும் அசையும் உருவமும்தான் நண்டை உள்ளேயே வைக்கும். குச்சியை விட்டுக் குடைந்தால் அன்றைக்கு அந்த வளையை மறந்துவிட வேண்டியதுதான். வெளியே வந்ததும் புது உருண்டைகளை அவளே எண்ணட்டும்.

“ஏன் உருண்டை போடுது?” என்று கேட்டால், “நீ என்ன நினைக்கிற?” என்று கேட்டுவிட்டு மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சுமார் ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, அவர்களே கேட்கும் கேள்விகளும் கூடின. “விளையாடுது” என்று அவள் சொன்னால் சிரிக்காதீர்கள். “விளையாடுதா சாப்பிடுதான்னு எதைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்?” என்று கேளுங்கள். அவள் கண் நண்டின் வாய்க்குப் போகும். அந்த நேரத்தில் அவள் முகத்தையும் ஒருமுறை பாருங்கள்.

ஒரு நாளைக்கு ஒரே வளை போதும். ஒரே நாளில் நண்டு, சிப்பி, பாசி என்று எல்லாவற்றையும் காட்ட நினைத்தால் இருவருக்கும் அலுப்புதான் மிஞ்சும். வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுங்கள்.

உயிருள்ள சங்கையோ நண்டையோ வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். பவளப்பாறைத் துண்டு செத்ததாக இருந்தாலும் எடுக்கக்கூடாது. அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும். கரை ஒதுங்கிய சொறியை (ஜெல்லி மீனை) தொடவே விடாதீர்கள், செத்த பிறகும் அது கொட்டும். பட்டுவிட்டால் கடல்தண்ணீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றவோ மணல் போட்டுத் தேய்க்கவோ கூடாது.

பதில் தெரியாத கேள்வி வந்தால், “எனக்கும் தெரியல, நாளைக்கு வந்து பாப்போம்” என்று சொல்லுங்கள். சொன்னபடி மறுநாள் கட்டாயம் கூட்டிப்போங்கள். கடல் வற்றும் நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 6 மணி என்றால் நாளை 6.50.