கேளுங்கள், பேசுவோம்: விட முடியாத பாவமும் எதிர்ப் புண்ணியமும்

கேள்வி: ஃபாதர், ஒவ்வொரு முறை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்க் குருவிடம் பாவங்களைச் சொல்லும்போதும் அதே கோபத்தைத்தான் சொல்கிறேன். இனிப் பிள்ளைகளிடம் கத்தக்கூடாது என்று தீர்மானம் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அன்று சாயந்திரமே கத்திவிடுகிறேன். பாவத்துக்காக நான் வருந்துகிற மனஸ்தாபமே பொய்யோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பொய் இல்லையம்மா. பொய்யாக இருந்தால் இந்தப் பயமே வந்திருக்காது. அதே பாவத்தைத் திரும்பச் சொல்ல வெட்கப்பட்டுப் பாவசங்கீர்த்தனத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது முதல் விஷயம். அப்புறம், உங்கள் தீர்மானத்தையே கொஞ்சம் பார்ப்போம். கத்தக்கூடாது என்கிறீர்கள், சரி. கத்தாமல் என்ன செய்யப்போகிறீர்கள்? அதை நீங்கள் முடிவு செய்யவே இல்லை. பையன் நோட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிற அந்த நிமிடத்தில் நாக்குக்குத் தெரிந்தது பழகிப்போன ஒரே வழிதான், அதில் போய்விடுகிறது.

மத்தேயு 12-ஆம் அதிகாரத்தில், ஒருவனை விட்டுப் போன தீய ஆவி திரும்பி வருவதைப் பற்றி இயேசு சொல்கிறார். வீடு கூட்டிப் பெருக்கி அழகாக இருக்கிறது, ஆனால் உள்ளே யாரும் குடியில்லை. உடனே அது போய்த் தன்னைவிடப் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டி வந்து அங்கே தங்கிவிடுகிறது. நாமும் பாவசங்கீர்த்தனத்தில் வீட்டைச் சுத்தம் செய்துவிட்டு, குடிவைக்க வேண்டிய புண்ணியத்தை வைக்காமலே திரும்பிவிடுகிறோம். மறைக்கல்வி வகுப்பில் தலையான பாவங்கள் ஏழையும் அவற்றுக்கு எதிரான புண்ணியங்கள் ஏழையும் ஜோடி ஜோடியாக மனப்பாடம் செய்தோமே, அகங்காரத்துக்குத் தாழ்ச்சி, உலோபத்துக்கு உதாரம் (கஞ்சத்தனத்துக்குத் தாராள குணம்), கோபத்துக்குப் பொறுமை என்று, அது பரீட்சைக்காக மட்டும் சொல்லிக்கொடுத்தது இல்லை. ஒன்றை விட வேண்டுமானால் அதற்கு எதிரான இன்னொன்றைச் செய்ய வேண்டும், மருந்து அதுதான்.

ஆகவே தீர்மானத்தை மாற்றிப் போடுங்கள். கோபம் ஏறுகிறது என்று தெரிந்ததும் நின்றபடி பேசாமல் பையன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுங்கள். முதல் வாக்கியத்தை மட்டும் மெதுவான குரலில் சொல்லுங்கள், அவ்வளவு போதும். கண்டிக்க வேண்டியதைக் கண்டியுங்கள், அது உங்கள் கடமை. அப்படியும் ஒருநாள் கத்திவிட்டால் புனித பிரான்சிஸ் சலேசியார் சொன்னதைச் செய்யுங்கள். 1609-இல் வெளிவந்த தம் நூலில் அவர், கோபப்பட்டுவிட்டோம் என்று உணர்ந்த உடனே, அதே ஆளிடம் சாந்தமான ஒரு செயலைச் செய்து ஈடுகட்டச் சொல்கிறார். பச்சைப் புண்தான் சீக்கிரம் ஆறும் என்பது அவர் கணக்கு. இரவு செபத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். கத்தின சூடு ஆறுவதற்குள் பையன் தோளில் கைபோட்டு, 'அம்மா கத்தியிருக்கக் கூடாது, வா, சேர்ந்து செய்வோம்' என்று சொல்லிவிடுங்கள். இன்னொன்றும் அவர் சொல்கிறார்: கோபப்பட்டதற்காக நம்மேலேயே நாம் எரிந்து விழக்கூடாது, ஏனென்றால் அதுவும் கோபம்தான். நீங்கள் எழுதியதைப் படித்தால் உங்களுக்கு இந்த இரண்டாவது அறிவுரைதான் அதிகம் தேவை என்று தோன்றுகிறது.

கேள்வி: மனதில் எரிச்சலை வைத்துக்கொண்டு வெளியே பொறுமையாகப் பேசுவது வெளிவேடம் இல்லையா? ஆண்டவர் வெளிவேடக்காரரைத்தானே கடுமையாகச் சாடினார்?

பதில்: அவர்கள் மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்தார்கள். நீங்கள் உங்கள் எரிச்சல் ஜெயித்துவிடக்கூடாது என்பதற்காகச் செய்கிறீர்கள். இரண்டும் ஒன்றாகுமா? பிரான்சு நாட்டுத் துறவி, குழந்தை இயேசுவின் புனித தெரேசாளின் மடத்தில் ஒரு சகோதரி இருந்தார். அவர் பேச்சு, நடை, குணம் எதுவுமே தெரேசாளுக்குப் பிடிக்கவில்லை. தெரேசாள் என்ன செய்தார்? அந்தச் சகோதரியைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்காக வேண்டிக்கொண்டார், தம்மால் முடிந்த உதவிகளைச் செய்தார், எரிச்சலாக ஏதாவது சொல்ல வாய் வரும்போது புன்னகைத்தார், அதுவும் முடியாத நேரத்தில் அந்த இடத்தைவிட்டு ஓடியே போனார். கடைசியில் அந்தச் சகோதரியே வந்து, 'என்னிடம் உங்களை அப்படி என்ன ஈர்க்கிறது, என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறீர்களே?' என்று கேட்டாராம். உணர்ச்சி நம் கையில் இல்லை, செயல் நம் கையில் இருக்கிறது. செயலைத் தொடர்ந்து செய்தால் உணர்ச்சி பின்னால் வரும், சில சமயம் வராமலும் போகும்; வராவிட்டாலும் அன்பு அன்புதான்.

இதெல்லாம் சொந்த முயற்சிதானே, இதில் கடவுளின் அருள் எங்கே என்று அடுத்து கேட்பீர்கள். பிலிப்பியர் 2-ஆம் அதிகாரத்தில் பவுல், மீட்புக்காக நீங்கள் உழையுங்கள் என்று சொன்ன கையோடு, உங்களை விரும்பவும் செயல்படவும் செய்கிறவர் கடவுளே என்கிறார். பொறுமையாக இருக்க வேண்டும் என்று உங்களுக்கு வந்த அந்த ஆசையே அருள்தான்.

கேள்வி: என்னோடு சேர்ந்தே வேலைக்கு வந்தவனுக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. அவன் நல்லவன், எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனாலும் அவன் பெயரைக் கேட்டாலே மனசு கசக்கிறது. அவனைப் பற்றி யாராவது குறை சொன்னால், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருக்கிறது.

பதில்: இப்படி வெளிப்படையாக எழுத எத்தனை பேருக்கு மனம் வரும், தம்பி! காய்மகாரத்தை, அதாவது பொறாமையை, யாரும் எளிதில் ஒத்துக்கொள்வதில்லை, நியாயம் பேசுகிற மாதிரியே அது உள்ளே இருக்கும். பிறருடைய நன்மை நமக்குத் துக்கமாகத் தெரிவதுதான் பொறாமை என்று புனித தாமஸ் அக்குவினாஸ் விளக்குகிறார். அவருக்கு முன்பே திருத்தந்தை பெரிய கிரகோரியார், பொறாமையிலிருந்து பிறக்கிறவை என்று பகை, கோள் சொல்லுதல், புறங்கூறுதல் இவற்றோடு பிறர் துன்பத்தில் மகிழ்வதையும் சேர்த்துச் சொன்னார். உங்களுக்குள் நடப்பது அதேதான்.

1 சாமுவேல் 18-ஆம் அதிகாரத்தை எடுத்து நிதானமாகப் படியுங்கள். சவுல் ஆயிரம் பேரைக் கொன்றார், தாவீது பதினாயிரம் பேரைக் கொன்றார் என்று பெண்கள் பாடியதைக் கேட்ட நாள் முதல் அரசர் சவுலுக்குத் தம் போர்வீரன் தாவீதைக் கண்டாலே ஆகவில்லை. இதைப் பலரும் பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். அதே அதிகாரத்தில், சில வரிகளுக்கு முன்னால், சவுலின் மகன் யோனத்தான் என்ன செய்கிறான் என்று பார்த்தீர்களா? தான் போட்டிருந்த மேலங்கியைக் கழற்றித் தாவீதுக்குக் கொடுக்கிறான், வாள், வில், கச்சை எல்லாவற்றையும் கொடுக்கிறான். யோசித்துப் பாருங்கள், தாவீதால் அரியணையை இழக்கப்போகிறவன் இந்த யோனத்தான்தான். அப்பாவைவிட மகனுக்குத்தான் பொறாமைப்பட அதிகக் காரணம் இருந்தது. அப்பா தாவீதின்மேல் ஈட்டியை எறிந்தார், மகன் தாவீதுக்கு அங்கியைக் கொடுத்தான்.

அந்த அங்கியை உங்கள் அலுவலகத்தில் எப்படிக் கொடுப்பது? நேரில் போய் வாழ்த்துங்கள். அவரைப் பற்றி நாலு பேர் குறை சொல்லும்போது, உங்களுக்கு உண்மையென்று தெரிந்த அவருடைய ஒரு நல்ல குணத்தைச் சொல்லுங்கள், இல்லாததைச் சேர்க்க வேண்டாம். அந்தப் புதுப் பொறுப்பில் அவர் திணறுகிறார் என்றால் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுங்கள். தினமும் அவர் பெயரைச் சொல்லிச் செபியுங்கள். ஆரம்பத்தில் வார்த்தை தொண்டையில் சிக்கும், பரவாயில்லை, சொல்லுங்கள்.

கேள்வி: செபிக்க உட்கார்ந்தால் சோம்பல். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை போனைப் பார்க்கிறேன். செபமே எனக்கு ஒத்துவராதோ?

பதில்: 4-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி இதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார். சோம்பல் பிடித்த துறவிக்குச் சூரியன் நகராமல் நிற்கிற மாதிரி தெரியுமாம், ஒரு பகல் 50 மணி நேரம் போல நீளுமாம். ஜன்னலையே பார்ப்பான், எழுந்து வெளியே போவான், சாப்பாட்டு நேரம் வர இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வானத்தைப் பார்ப்பான், அப்புறம் இந்த இடமே சரியில்லை, வேறு இடத்துக்குப் போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றும். போன் ஒன்றுதான் பாக்கி. அந்தத் துறவிகள் கண்ட மருந்து, அறையைவிட்டு வெளியேறாமல் இருப்பது. நீங்கள் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். மனம் எங்கு சுற்றினாலும் பத்து நிமிடம் முடியும்வரை எழுந்திருக்காதீர்கள். அதுவே செபம்தான், ஒத்துவராது என்று யார் சொன்னது?

கேள்வி: இரவில் தனியாக இருக்கும்போது ஆபாசப் படங்களைப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. எத்தனை தடவை போராடினாலும் தோற்றுப்போகிறேன்.

பதில்: மற்ற பாவங்களோடு நின்று சண்டை போடலாம், இதனோடு நிற்கக்கூடாது. பரத்தைமையை விட்டு விலகி ஓடுங்கள் என்றுதான் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். பழைய ஏற்பாட்டு யோசேப்பு, தம்மைத் தவறான உறவுக்கு இழுத்த எசமான் போத்திபாரின் மனைவியிடம் வாதம் செய்துகொண்டு நிற்கவில்லை, மேலாடை அவள் கையில் போனாலும் போகட்டும் என்று ஓடினார். படுக்கையறைக்குப் போனை எடுத்துப் போகாதீர்கள், விழுகிற நேரம் எது என்று உங்களுக்கே தெரியும், அந்த நேரத்தில் தனியாக இருக்காதீர்கள். கற்பு என்கிற புண்ணியம் பகலிலேயே வளர்கிறது. எதிரில் வருகிற பெண்ணை ஒரு மகளாக, சகோதரியாக மதித்துப் பார்க்கப் பழகுவதில் வளர்கிறது. நம்பிக்கையான ஒருவரிடம் இதைச் சொல்லிவையுங்கள். தனியாகச் சுமக்க வேண்டிய பாரம் இல்லை இது.

கேள்வி: நீங்கள் சொல்கிற எல்லாப் பாவமும் என்னிடம் இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: ஒன்றே ஒன்றில். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார். காலையில் எழுந்ததும் அந்த ஒரு குறையை நினைத்துத் தீர்மானம் எடுக்க வேண்டும். மதிய உணவுக்குப் பின் ஒருமுறை, இரவு உணவுக்குப் பின் ஒருமுறை, எத்தனை தடவை விழுந்தோம் என்று எண்ணி ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட்டின்மேல் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஒரு நாளுக்கு இரண்டு கோடு, ஒரு வாரத்துக்கு ஒரு பக்கம். விழுந்த அந்தக் கணத்திலேயே பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் நெஞ்சில் கைவைத்து வருந்தச் சொல்கிறார். நேற்றை இன்றோடும், போன வாரத்தை இந்த வாரத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதில் நான் சேர்ப்பது ஒன்றுதான்: பக்கத்திலேயே இன்னொரு கோடு போட்டு, எதிர்ப் புண்ணியத்தை எத்தனை தடவை செய்தீர்கள் என்பதையும் எண்ணுங்கள். எந்தக் குறையை முதலில் எடுப்பது என்று தெரியாவிட்டால், உங்கள் வீட்டில் இருப்பவர்களிடம் கேளுங்கள், உடனே சொல்லிவிடுவார்கள்.