இயந்திரம் இயக்க அனுமதி

கேள்வி: மட்டக்களப்பு விமான நிலைய வேலியருகே நின்றபோது, கதவு மூடப்பட்ட சிறிய விமானமொன்று காற்றாடி சுழலாமல் சில நிமிடங்கள் காத்திருக்கக் கண்டேன். இயந்திரத்தை இயக்கவும் அனுமதி வேண்டுமா?
- வாசகி, கல்லடி

பதில்: அந்த விமானம் எதற்காகக் காத்திருந்தது என்பதை வேலிக்கு வெளியிலிருந்து சொல்ல இயலாது, ஆனால் கட்டுப்பாட்டுக் கோபுரமுள்ள பல நிலையங்களில் விமானி, தம் அழைப்புக் குறியையும் (வானொலியில் அவ்விமானத்தை அடையாளம் காட்டும் பெயர்) நிற்கும் இடத்தையும் வானொலியில் கூறி, இயந்திரத்தை இயக்க அனுமதி கேட்கிறார். ஓடுபாதையிலோ வான்வழியிலோ நெரிசல் இருந்தால், கட்டுப்பாட்டாளர் உடனே இசையாமல், இயக்க வேண்டிய நேரத்தை அறிவிப்பார். ஏர்பஸ் ஏ320 போன்ற விமானம் இரு இயந்திரங்களும் ஓடத் தரையில் நின்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 கிலோ எரிபொருள் எரியும் என்பதால், வரிசையில் புகைந்துகொண்டு நிற்பதைவிட நிறுத்துமிடத்திலேயே அமைதியாகக் காத்திருப்பது எவ்வளவோ மேல். காற்றால் குளிரும் சிறிய இயந்திரங்களோ நமது சித்திரை வெயிலில் நின்றபடி ஓடினால் விரைவில் சூடேறிவிடும்.

முக்கியமாக ஒன்றை நினைவிற்கொள்ளுங்கள்: இந்த அனுமதி இயந்திரத்தை இயக்க மட்டுமே. பின்னோக்கித் தள்ளுவதற்கும், தரையில் நகர்வதற்கும், ஓடுபாதையில் நுழைவதற்கும், மேலெழுவதற்கும் தனித்தனி அனுமதி தேவை. சில வேளைகளில் ‘உங்கள் விருப்பப்படி இயக்குங்கள்’ என்றும் கட்டுப்பாட்டாளர் கூறுவதுண்டு. அப்போது நேரத்தைத் தீர்மானிப்பது விமானியே. எவ்வாறாயினும், காற்றாடியின் அருகே ஆளில்லை என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யும் கடமை எப்போதும் விமானத் தரப்பினருடையது. கோபுரத்தின் அனுமதி அதற்கு ஈடாகாது.