வாங்கிய பிறகு எதையெல்லாம் மேம்படுத்தலாம்?

கேள்வி: என் போனில் 4 ஜிபி ரேம். இன்னும் 4 ஜிபி 'விர்ச்சுவல் ரேம்' சேர்க்கலாம் என்று அமைப்புகளில் காட்டுகிறது. சேர்த்தால் வேகம் கூடுமா?

பதில்: கூடாது. அது ரேமே அல்ல. ரேம் நிரம்பும்போது, நீங்கள் அப்போது பார்க்காத செயலிகளின் தரவை ஸ்டோரேஜில் ஒரு மூலைக்குத் தள்ளிவைக்கும் ஏற்பாடு. ஸ்டோரேஜ் ரேமைவிடப் பல மடங்கு மந்தம். அதிலும் விலை குறைந்த போன்கள் பலவற்றில் இருப்பது இஎம்எம்சி வகை. அது ஒரு நேரத்தில் ஒன்று படிக்கும், அல்லது எழுதும். யுஎஃப்எஸ் வகை இரண்டையும் சேர்ந்தே செய்யும். உங்களுடையது இஎம்எம்சி என்றால், அந்த வசதியை அணைத்துவிட்டு ஒரு நாள் பயன்படுத்திப் பாருங்கள். திரை தடுமாறுவது குறைந்தால் அப்படியே விட்டுவிடலாம்.

உண்மையான ரேமைக் கூட்டவும் வழியில்லை. பல போன்களில் அது பிராசஸரின் தலைமேலேயே அடுக்கிப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. பெட்டியில் '8 ஜிபி' என்று கொட்டை எழுத்திலும், '4+4' என்று பொடி எழுத்திலும் அச்சிடுவது வாங்குபவரை ஏமாற்றும் வேலை என்றே சொல்வேன்.

கேள்வி: செயலிகளை மெமரி கார்டுக்கு மாற்றினால் இடம் மிச்சமாகுமா?

பதில்: மிச்சமாகும்; ஆனால் செயலிகள் மெதுவாகத் திறக்கும். கார்டை உள் ஸ்டோரேஜுடன் இணைக்கும் வசதி ஆண்ட்ராய்டு 6-இல் வந்தது; எல்லா நிறுவனங்களும் அதைத் தருவதில்லை. அப்படி இணைத்த கார்டு அந்த ஒரு போனுக்கு மட்டுமே சொந்தம், வேறெதிலும் படிக்காது. கார்டு பழுதானால் அதிலிருந்தவையும் போயின. படங்களையும் வீடியோக்களையும் கார்டில் வையுங்கள், செயலிகள் உள்ளேயே இருக்கட்டும். செயலிகளையும் வைத்தே ஆக வேண்டுமென்றால் 'ஏ1' குறியுள்ள கார்டு வாங்குங்கள். விநாடிக்குக் குறைந்தது 1,500 முறை படிக்கவும் 500 முறை எழுதவும் அதனால் முடியும்.

கேள்வி: 4ஜி போனை அப்டேட் மூலம் 5ஜி ஆக்க முடியுமா?

பதில்: முடியாது. அதற்கு வேறு மோடமும் ஆன்டெனாவும் வேண்டும்.

கேள்வி: பழைய லேப்டாப் ஊர்கிறது. ரேம் கூட்டுவதா, எஸ்எஸ்டி போடுவதா?

பதில்: உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் யோசிக்காமல் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகமே இல்லாத வேகமான ஸ்டோரேஜ். எம்.2 ஸ்லாட் (சிறு அட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) இருந்தால், அது சாட்டா வகை எஸ்எஸ்டியை ஏற்குமா, என்விஎம்இ வகையை ஏற்குமா என்று மாடல் விவரத்தில் பார்த்த பிறகே வாங்குங்கள். இரண்டும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். ரேம் அதற்கு அடுத்துதான், அதுவும் ஸ்லாட் இருந்தால்.

கேள்வி: ஒரே விலையில் இரண்டு போன்கள். ஒன்றில் 8 ஜிபி ரேம், 2 ஆண்டு அப்டேட். மற்றதில் 6 ஜிபி, 6 ஆண்டு. எது?

பதில்: இரண்டாவது. வாங்கிய பின்னும் போனில் புதிதாக வந்து சேர்வது மென்பொருள் மட்டுமே. சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி போன்ற விலை குறைந்த போனுக்கே 6 ஆண்டு வாக்குறுதி கிடைக்கும்போது, 2 ஆண்டுக்கு ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இந்தக் கணக்கு பொதுவாக நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்தே தொடங்குகிறது. ஒன்றரை ஆண்டுக்கு முன் வந்த மாடலைத் தள்ளுபடியில் வாங்கினால் அவ்வளவு காலத்தையும் கழித்துவிட்டுத்தான் விலையை ஒப்பிட வேண்டும்.