தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுக்கு டேட்டா என்ட்ரி செய்வது வெறும் தட்டச்சு வேலைதானே? பட்டதாரிகள் போகலாமா?

நீங்கள் இப்போதுதான் டிகிரி முடித்திருப்பீர்கள், வீட்டில் யாராவது "இதுக்கா படிக்க வெச்சோம்" என்று கேட்டிருப்பார்கள் என நினைக்கிறேன். நானும் பி.காம். முடித்துவிட்டு இந்த வேலைக்குத்தான் போனேன். வெறும் தட்டச்சு என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும்.

2011 கணக்கெடுப்புக்கு முன், 2010 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வீட்டுப் பட்டியல் எடுத்தபோதே, நாட்டில் வசிப்பவர்களின் பட்டியலான இந்தப் பதிவேட்டுக்கும் விவரம் வாங்கினார்கள். அந்தப் படிவங்களை ஸ்கேன் செய்து மாநில மொழியிலும் ஆங்கிலத்திலும் ஏற்றவேண்டும். மும்பையில் ஒரு ஒப்பந்ததாரரிடம் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. தாராவியில் பிறந்தவள் நான், தமிழும் மராத்தியும் நன்றாக வாசிப்பேன்.

திரையில் ஒரு பக்கம் படிவத்தின் படம், மறுபக்கம் கட்டங்கள். கணக்கெடுக்கப் போனவர்களில் சிலர் பழக்கத்தில் மராத்தி எண்களையே போட்டிருப்பார்கள். அவசரத்தில் எழுதினால் மராத்தி ஒன்றும் ஒன்பதும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. பிறந்த வருடம் 1919-ஆ, 1991-ஆ? உறவு 'மகள்', பக்கத்தில் 'திருமணமாகாதவர்' என்று இருக்கும், குடும்பத் தலைவரின் பிறந்த வருடமும் மேலேயே இருக்கும். இதையெல்லாம் பார்த்துத்தான் முடிவுக்கு வரவேண்டும். விரல் மட்டும் ஓடினால் இது நடக்காது.

அப்புறம் நம் ஆட்களின் பெயர்கள். மராத்திக்காரர்களுக்குப் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று வரிசை உண்டு. "செ. முத்துலட்சுமி" வந்தால் பக்கத்து சீட் பெண் அந்தச் 'செ'யைக் குடும்பப் பெயராக்கிவிடுவாள். தந்தை, தாய், கணவர் பெயர்களுக்குத் தனித்தனிக் கட்டங்கள் இருந்தன. தந்தை கட்டத்தில் செல்லையா இருக்கிறாரே என்று மேற்பார்வையாளரிடம் மராத்தியில் வாதாடினேன். இனிஷியலை முன்னாலேயே விடுங்கள் என்று அவரும் ஒத்துக்கொண்டார். அந்த அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. நாளைக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர், இதில் ஒரு பெயர் என்று அவர் அலைய வேண்டாமே.

குடியுரிமைப் பட்டியலுக்குத் துணை போனாயா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். 2003 குடியுரிமை விதிகளின்படி இந்தப் பதிவேட்டை வைத்தே குடிமக்கள் பட்டியல் தயாரிக்கலாம் என்பது எனக்கும் தெரியும், அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அப்போது வாங்கியது வாய்மொழித் தகவல், ஆவணம் எதுவும் கேட்கவில்லை. ஆறு மாதம் தங்கியவர் எல்லோரும் அதில் உண்டு. தப்பாக ஏறிய பெயரால் அடிபடுவது ஏழைகள்தான், அதனாலேயே சரியாக ஏற்ற வேண்டும் என்கிறேன்.

எங்கள் வயிற்றெரிச்சல் சம்பளத்தில். பதிவுக்கு இத்தனை பைசா என்று பேசினார்கள். சந்தேகம் என்று குறித்துத் திருப்பிய படிவத்தை மறுபடி ஏற்றினால் அதற்குக் காசில்லை. பொறுமையாகப் பார்த்தவர்களுக்குக் குறைவு, கண்ணை மூடித் தட்டியவர்களுக்கு அதிகம். கடைசி மாதப் பணம் இன்னும் வரவில்லை, அந்த ஆபீஸே இப்போது அங்கே இல்லை.

தாராளமாகப் போங்கள். மாதச் சம்பளமா, பதிவுக் கணக்கா, மறுபடி ஏற்றுவதற்குக் காசு உண்டா என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.