குப்பையைப் பிரிக்கிறதில் சந்தேகமா? உரக்கூடத்து அண்ணாச்சி பதில்கள்

திருநெல்வேலியில், ஈரக் குப்பையை உரமாக்குகிற ஒரு நுண் உரக்கூடத்தில் எட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். வந்த கேள்விகளுக்கு, கைப்பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?

சில தெருக்களில் நடக்கிறது, தப்புதான். வீட்டுக்காரர் பிரிக்கணும், உள்ளாட்சி அதைத் தனித்தனியாகவே கொண்டுபோகணும் என்று 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. வாளியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போகாமல், நின்று கையில் கொடுங்கள். கலந்தால் அங்கேயே கேளுங்கள், மேற்பார்வையாளரிடமும் சொல்லுங்கள்.

போன வாரம் ஒரு பையை அவிழ்த்தோம். சாம்பார் சோற்றுக்குள் உடைந்த டியூப்லைட். கையுறை போட்டிருந்தும் எங்கள் அக்கா ஒருவருக்குக் கட்டைவிரல் கிழிந்துவிட்டது. அந்தச் சோறு உரத்துக்கு ஆகாது. அதில் ஊறின அட்டையைப் பழைய இரும்புக்கடையிலும் வாங்க மாட்டார்கள்.

பேட்டை: ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தால் ஏன் லேசில் அணைவதில்லை?

சோறும் காய்கறித் தோலும் காற்றுப் புகாமல் அடியில் அமுங்கினால் மீத்தேன் வாயு உண்டாகும். மேலே பிளாஸ்டிக், துணி, தேங்காய் மட்டை. வெயில் காலத்தில் ஒரு பொறி போதும். மேலே தண்ணீர் அடித்தாலும் உள்ளே கனன்றுகொண்டே கிடக்கும். பழைய குவியலைச் சலித்து, மண்ணைத் தனியாக எடுத்து, எரியக்கூடியதை சிமெண்ட் ஆலைக்கு அனுப்புகிற பயோமைனிங் முறை இருக்கிறது. நல்ல முறைதான். ஆனால் ஈரக் குப்பை தினமும் போய் விழுந்தால், ஒரு பக்கம் சலிக்கச் சலிக்க மறுபக்கம் குவியும். முதலில் அதை நிறுத்தணும் என்பேன்.

மேலப்பாளையம்: மாடியில் தொட்டி வைத்து உரம் போட்டேன். ஒரே நாற்றம், புழு.

ஈரம் கூடிவிட்டது தங்கச்சி. ஒரு கை காய்கறிக் கழிவுக்கு இரண்டு கை காய்ந்த சருகோ தென்னை நார்த்தூளோ போடுங்கள். அடியில் ஓட்டை இருக்கணும். குழம்பும் மீன் முள்ளும் வேண்டாம். அள்ளிப் பிடித்தால் உருண்டை நிற்கணும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக்கூடாது. இரண்டு மாதம் போல ஆனால் மண்வாசம் வரும்.

வள்ளியூர்: சானிட்டரி நாப்கினை எப்படிக் கொடுப்பது?

தாளில் சுற்றி, மேலே ஒரு குறி போட்டுத் தனியாகக் கொடுங்கள். எரிக்காதீர்கள்.

தச்சநல்லூர்: வீட்டு முன்னால் பந்தல் போட்டுக் கல்யாணம், 300 பேர். குப்பைக்கு என்ன செய்ய?

சந்தோஷம் தம்பி. மண்டபம் இல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடினால், 3 வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்கணும் என்றும் அந்த 2016 விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. டம்ளர் வாடகைக்கு எடுங்கள். பந்தி முடிந்ததும் இலை எடுக்கிறவரிடம் இரண்டு கூடை கொடுங்கள், இலைக்கு ஒன்று, தண்ணீர் பாட்டிலுக்கு ஒன்று. இலைக்கூடை சுத்தமாக வந்தால் அன்றைக்கே கிழித்துத் தொட்டியில் போட்டுவிடுவோம்.