31 முறை பறந்தவர் மறுபடி முதலிலிருந்தா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு செம்பனைத் தோட்டக் கிராணி எழுதியிருக்கிறார். ஜெர்மனியில் பொறியியல் படிக்கப் போன மகள், அங்கே மாணவர் கிளப் ஒன்றில் கிளைடர் (இயந்திரம் இல்லாத விமானம்) ஓட்டப் பழகினார். பயிற்றுநரோடு 31 முறை பறந்து, இனி தனியாக விடுவார்கள் என்றிருந்தபோது 2020 மார்ச்சில் கோவிட் முடக்கம் வந்தது. ஊர் திரும்பியவர் மிச்சப் படிப்பை இங்கேயே முடித்தார். இப்போது மேற்படிப்புக்கு மறுபடி ஜெர்மனி போகிறார். "பழைய பறப்பெல்லாம் செல்லுமா? திரும்பவும் இப்படி ஒரு நோய் வந்தால் கட்டிய காசு என்னாகும்?" என்று கேட்கிறார்.

ஐயா, மகளின் பறப்புப் பதிவேடு வீட்டில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பயிற்றுநர் கையெழுத்திட்ட அந்தப் பக்கங்கள்தான் ஆதாரம். ஐரோப்பிய விதிப்படி கிளைடர் உரிமத்துக்குக் குறைந்தது 15 மணி நேரப் பயிற்சியும் 45 முறை மேலேறித் தரையிறங்குவதும் வேண்டும். அந்தக் கணக்கில் பழைய 31-ஐக் காட்டிப் பேசலாம். புதிய கிளப்பில் சேர்ந்தால், அங்குள்ள பயிற்றுநர் மகளை ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எங்கிருந்து தொடர்வது என்று சொல்வார்.

ஆனால் 32-ஆவது பறப்பிலிருந்து அப்படியே தொடரலாம் என்று எண்ண வேண்டாம். பால்வெட்டுக் கத்தியைச் சில வருடம் தொடாதவரை மரத்தடியில் நிறுத்திப் பாருங்கள். கை தானாக வளையும், ஆனால் ஆழம் தப்பி மரத்தில் காயம் விழும். கிளைடரிலும் அதே கதைதான். கிளைடரில் மாட்டிய நீளமான கம்பியைத் தரையிலுள்ள வின்ச் என்ற இயந்திரம் சுருட்டி இழுக்க, ஒரு நிமிடத்துக்குள் 300, 400 மீட்டர் உயரம் போய்விடுகிறோம். பாதி வழியில் கம்பி அறுந்தால் உடனே மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்க வேண்டும். நேராக இறங்குவதா, சுற்றி வருவதா என்பதை அப்புறம்தான் முடிவு செய்ய வேண்டும். யோசித்துச் செய்ய நேரம் கிடையாது. இறங்கும்போது தவறிவிட்டால் மறுபடி மேலே ஏற இயந்திரமும் இல்லை. அதனால், கம்பி அறுந்தால் என்ன செய்வது என்ற பயிற்சியைப் பயிற்றுநரோடு பலமுறை செய்த பிறகே தனியாகப் பறக்கக் கேட்கச் சொல்லுங்கள். உரிமம் வைத்திருப்பவர்களுக்கே 24 மாதத்தில் 5 மணி நேரம், 15 ஏற்றம், பயிற்றுநரோடு 2 பறப்பு என்று விதி இருக்கிறது.

ஆகாயத்தில் தனியாகத் திரியும் ஆளுக்குத் தொற்று எங்கிருந்து வரும் என்று அப்போது பலர் கேட்டார்கள். பறப்பவர் தனி ஆள்தான், பழகுபவர் அப்படி இல்லை. ஏ.எஸ்.கே. 21 போன்ற பயிற்சிக் கிளைடரில் மாணவரின் தலைக்குப் பின்னாலேயே பயிற்றுநர் உட்கார்ந்திருப்பார், இருவருக்கும் மேல் ஒரே மூடிய அறை. கீழேயும் வின்ச் ஓட்ட, இறக்கை பிடிக்க, சைகை காட்ட, நேரம் குறிக்க என்று ஆள் வேண்டும். கட்டுப்பாடு தளர்ந்தபோது தனியாகப் பறப்பவர்களால் சீக்கிரம் மேலே போக முடிந்தது, மாணவர்கள் காத்திருந்தார்கள். போதாததற்கு, பயிற்றுநர்களில் பலர் சம்பளம் வாங்காத தொண்டர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். நோய்க்கு அதிகம் பயப்பட வேண்டிய வயது அவர்களுக்கு. ஆகவே கிளப்பில் சேரும் முன் எத்தனை கிளைடர் என்று கேட்பதைவிட எத்தனை பயிற்றுநர்கள், என்ன வயதினர் என்று கேட்பது நல்லது.

(கிருமிநாசினி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆல்கஹால் கலந்ததைக் கிளைடரின் கண்ணாடி மூடியில் தேய்த்தால் நுண்ணிய விரிசல் விழும். அது கண்ணாடி இல்லை, அக்ரிலிக்.)

பணத்துக்கு அதிகம் கவலைப்பட வேண்டாம். அங்கே கிளப் என்பது பெரும்பாலும் உறுப்பினர்கள் நடத்தும் சங்கம்: சந்தா ஒரு பக்கம், ஏற்றத்துக்கும் நிமிடத்துக்கும் கட்டணம் தனி. பறக்காவிட்டால் பறப்புக் கட்டணம் இல்லை. காப்புறுதியும் கொட்டகைச் செலவும் ஓடிக்கொண்டிருப்பதால் சந்தாவை மட்டும் திருப்பிக் கேட்க முடியாது. நம் ஊரில் விமானி வேலைக்கென்று லட்சக்கணக்கான வெள்ளி கட்டிப் படிக்கிறார்களே, அதுதான் வேறு கதை. என் அண்ணன் மகன் ஒரு பள்ளியில் முன்பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தான். பயிற்சி நின்றால் பணம் எப்படித் திரும்பும் என்பது ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை.

போகும்வரை வீட்டிலேயே காண்டோர் என்ற கிளைடர் சிமுலேட்டரில் பழகலாம். முடக்கக் காலத்தில் கிளைடர்காரர்கள் பலரும் அதில்தான் பொழுதைக் கழித்தார்கள். கைப்பிடியின் கனம் அதில் தெரியாது, ஆனால் புறப்படும் முன் செய்யும் சோதனைகளையும் இறங்கும் பாதையையும் வாய்விட்டுச் சொல்லிப் பழக அது போதும். எழுத்துத் தேர்வுக்கு 9 பாடங்கள், அவற்றையும் இப்போதே புரட்டலாம். கோவிட் வந்து போனவர் என்றால் பறக்க உடல்தகுதி பார்க்கும் விமான மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லட்டும்.

பருவத்தையும் கணக்கில் எடுங்கள். அங்கே பறப்பு ஏறக்குறைய மார்ச், ஏப்ரலில் சூடுபிடித்து இலையுதிர் காலத்தில் அடங்கிவிடும். 2020-இல் குளிர்கால வேலை முடிந்து கிளைடர்களை வெளியே எடுக்கும் நேரத்தில்தான் எல்லாம் மூடியது. உங்கள் மகள் அக்டோபரில் போய் இறங்கினால் பறக்க அநேகமாக வாய்ப்பு இருக்காது, பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கும் வேலைதான் கிடைக்கும். சலிக்காமல் போகச் சொல்லுங்கள். ஏப்ரலில் யாரை முதலில் ஏற்றுவது என்று பயிற்றுநர் பட்டியல் போடும்போது, குளிரில் கூட நின்றவர்களின் பெயர்தான் அவருக்கு ஞாபகம் வரும்.